றொண்டாவில் கிழக்கே சூலம்

உறவினர் எவருமே இல்லாத ஓர் ஊருக்கு வாழ்நாளில் ஒரு முறையேனும் போய்வருவது என்று, ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தேழாம் ஆண்டில், ஒக்லாந்து நகரின் மனுரேவாப் பகுதியிலுள்ள எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்று நான் சபதம் செய்தேன்.

இதுவும் ஒரு சபதமா என்று நீங்கள் கேட்கலாம். நம்மவருடைய பயணங்களை அறியாதவராயின் கேளுங்கள். நம்மவர் ஊர் பார்க்கப் போவதில்லை. ஆள் பார்க்கவே போகிறார்கள். சிட்னி என்றால் சித்தப்பா வீடு. ரொறன்ரோ என்றால் மாமி வீடு. பாரிசுக்குப் போய்வந்த நண்பர் ஒருவரிடம், அங்கே என்ன பார்த்தீர் என்று ஆவலோடு வினவினேன். “ஒண்டுவிட்ட தம்பியின்ரை மகளின்ரை பிறந்தநாள் வீடியோ பாத்தனான்” என்றார். எண்பத்துமூன்றின் பின் நம்மினம் உலகெங்கும் சிதறியதில் விளைந்த சிறிய துன்பங்களுள் இதுவும் ஒன்று. எந்த விமான நிலையத்தில் இறங்கினாலும் அங்கே ஒரு மச்சான் நிற்கிறான்.

என் சபதத்துக்கு உடனடிக் காரணம் இலண்டன். என் மனைவி இராசமலரின் அக்காள் பத்மாவதி அங்கே இருக்கிறார். அதில் எனக்கு யாதொரு மறுப்பும் இல்லை. ஆனால் அக்காளுடைய வீட்டில் அக்காளின் கணவரும் இருக்கிறார். பெயர் சோதிலிங்கம். உறவுமுறையில் எனக்குச் சகலன்.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன், யாழ்ப்பாணத்தில் என் திருமணத்தன்று, மாப்பிள்ளையாகிய என்னைக் காரில் அழைத்துச் சென்றவர் இவரே. ஸ்டியரிங் அவர் கையில். தலைப்பாகையோடு பின்சீற்றில் நான். ஒரு சந்தியில் நான் இடப்பக்கம் என்றேன். அவர் வலப்பக்கம் திருப்பினார். கார் ஒரு புகையிலைத் தோட்டத்தின் நடுவே போய் நின்றது. எங்களை நம்பிப் பின்தொடர்ந்த மேளக்காரரின் வான் வண்டியும் அதே தோட்டத்துக்குள் வந்து நின்றது. முகூர்த்தம் முடியுந் தறுவாயில், பட்டு வேட்டியெல்லாம் செம்மண்ணாக, நான் மணவறை ஏறினேன். அத்தோடு விட்டாரா? சபையில் எல்லோருக்கும் கேட்கும்படி, “மாப்பிள்ளை காட்டின வழியாலைதான் வந்தனான்” என்றார்.

இந்த மனிதருடைய வீட்டு வாசற்படியை மிதிக்கமாட்டேன் என்று அன்றே கூறினேன். அவரும் என் வாசற்படியைப் பற்றி அவ்வாறே கூறியதாகப் பின்னர் அறிந்தேன். அவ்வாண்டிலேயே அவர்கள் இலண்டனுக்குக் குடிபெயர்ந்தார்கள். சகோதரிகள் இருவரும் அதன்பின் ஒருவரையொருவர் பார்த்ததில்லை.

வழி தவறியவன் என்னும் பழி எத்தகையது என்பது என் தொழிலை அறிந்தவருக்கே விளங்கும். விரி என்னும் பகுதியிலுள்ள ஒரு பெரிய களஞ்சியத்தில் லொறிகளுக்கு வழி வகுத்துக் கொடுப்பவன் நான். எந்த லொறி, எந்தத் தெருவால், எந்தக் கடைக்கு என்பதெல்லாம் என் வாய்ச்சொல். ஒக்லாந்து முழுவதிலும் என்னைக் கேளாமல் எங்கள் லொறியொன்று திரும்பாது.

திருமணத்தன்று நேர்ந்த விபத்துக்கான காரணத்தையும் நான் ஆராய்ந்து கண்டுபிடித்திருந்தேன். நாங்கள் புறப்பட்ட திசையில் அன்று சூலம்! ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு திசையைச் சூலம் என்று பஞ்சாங்கம் விலக்கியிருக்கிறது. அன்று அத்திசையில் பயணம் தொடங்கலாகாது. அதை எவரும் பார்க்கவில்லை. அன்றிலிருந்து சூலம் பாராமல் நான் பால் வாங்கத் தெருமுனை டெயரிக் கடைக்குக்கூடப் போவதில்லை.

இனிச் சமையலறைக்கு வருவோம்.

“இஞ்சேருங்கோ, நத்தாருக்கு உங்கடை களஞ்சியம் பூட்டுதல்லோ. லண்டனுக்கு ஒருக்காப் போட்டு வருவமே? அக்காவைப் பாத்து எவ்வளவு காலம்!”

“பயணம் போவம். லண்டனுக்கில்லை.”

“அப்ப எங்கை?”

“சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லாத இடத்துக்கு.”

“அப்பிடியும் ஒரு இடம் இருக்கோ?”

“தேடிக் கண்டுபிடிக்கிறன், பாரும்.”

“கண்டுபிடியுங்கோ” என்றாள் இராசமலர், வெங்காயத்தை வெட்டியவாறு. அவள் கண்கள் கலங்கின. வெங்காயத்தால் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை, பக்கத்து வீட்டு மாகிரட் தங்கள் தேவாலயத்தில் பழம்பொருள் விற்பனை நடைபெறுகிறது என்று எங்களை அழைத்துச் சென்றார். மாகிரட் மன்னாரைச் சேர்ந்தவர். என்மீது மிக்க மரியாதை உடையவர். அங்கே உடைந்த விளக்குகளுக்கும் ஒற்றைக்கால் கதிரைகளுக்கும் நடுவே ஒரு பூகோள உருண்டை இருந்தது. கடதாசி மட்டையாற் செய்த பழைய உருண்டை.

“அண்ணை, உங்களைப் போல வழி தெரிஞ்ச ஆக்களின்ரை வீட்டிலை இருக்கவேண்டிய சாமான் இது” என்றார் மாகிரட்.

உண்மைதானே? வாங்கிவந்தேன்.

அன்று மாலை கம்பளிச் சட்டை பின்னிக்கொண்டிருந்த இராசமலர் தலை நிமிராமலே கேட்டாள்.

“எங்கடை வீட்டுக்கு நேர் கீழை, மற்றப் பக்கத்திலை, என்ன ஊர் இருக்கும்?”

அவளுடைய பின்னல் ஊசிகளில் ஒன்றை வாங்கினேன். ஒக்லாந்தின் தலையில் வைத்து அழுத்தினேன். ஊசி பூமியின் வயிற்றைத் துளைத்துக்கொண்டு இறங்கியது. உருண்டையைத் திருப்பிப் பார்த்தேன். ஊசிமுனை ஸ்பெயினின் தென்பகுதியில் எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்கு மெய்சிலிர்த்தது. நாம் எழும்போது அங்கே உறங்குகிறார்கள். நமக்குக் கோடை, அவர்களுக்கு மாரி. நம் உள்ளங்காலுக்கு எதிரே தம் உள்ளங்காலை வைத்துக்கொண்டு அங்கே மனிதர் நடமாடுகிறார்கள். நடுவே இருப்பது ஒரு பூமி, அவ்வளவே! இத்தனை நாள் அந்த மனிதரின் தலைக்கு மேலல்ல, காலுக்குக் கீழே நின்று நான் சோறு தின்றிருக்கிறேன்.

தேசப்படத்தை விரித்தேன். ஊசி வெளிப்பட்ட இடம் றொண்டா என்னும் பழைய நகருக்கு ஒரு மயிரிழை வடக்கே. அதைச் சுற்றிலும் மலைமுடிகளில் வெள்ளைச் சுண்ணாம்பு பூசிய சிற்றூர்கள். ஒருகாலத்தில் அராபியர் ஆண்டவை; எல்லைக் காவலுக்காக உச்சியில் ஒட்டிவைத்தவை. அவற்றைக் கோத்துக்கொண்டு ஒரு மலைப்பாதை ஓடிற்று.

“செவில் பட்டினத்திலை காரை வாடகைக்கு எடுத்து, ஆர்கோஸ், கிரசலேமா, றொண்டா, அதுக்குப் பிறகு கிழக்கை மாலகா கடற்கரை. முழுக்க நான்தான் கார் ஓடுவன். அங்கை தமிழ் மணமே இராது!”

“நீங்கள் சொன்னால் சரி.”

இந்த மூன்று சொற்களையும் இராசமலர் சொல்லும் வேளைகளில் நான் விழிப்பாயிருந்திருக்க வேண்டும்.

இலண்டன் விமான நிலையத்தின் தரையைக்கூட மிதியாமல், பிராங்பேட் வழியாகச் சுற்றிப் போக ஏற்பாடு செய்தேன். விமானம் தரையிறங்குமுன் எல்லோரும் கைக்கடிகாரத்தைத் திருப்பினார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

“நீங்கள் மணிக்கூட்டைத் திருப்பேல்லையோ?”

“தேவையில்லை. நேர் எதிர்ப்பக்கம் எல்லோ? சரியாய்ப் பன்னிரண்டு மணித்தியால வித்தியாசம். முள்ளு இரண்டும் நிண்ட இடத்திலையே நிக்கும்.”

என் கடிகாரம் யப்பானியத் தயாரிப்பு. சிறிய சாளரத்தில் கிழமையையுங் காட்டும். அதைத்தான் இராசமலர் உற்றுப் பார்த்தாள்.

“அப்ப கிழமை?”

“எங்கடை சுவாமியறை எங்கை இருக்கு? மனுரேவாவிலை. பஞ்சாங்கம் எங்கை தொங்குது? மனுரேவாவிலை. அங்கை என்ன கிழமையோ அதுதான் எங்களுக்கும். சூலமும் அப்பிடித்தான்.”

“ஓ!” என்றாள். பின்பு நெடுநேரம் மேகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்பெயினில் வாகனங்கள் வலப்பக்கம் ஓடும். காரில் எல்லாமே இடம் மாறியிருந்தன. திரும்புவதற்குரிய சைகை விளக்கைப் போட எண்ணி நான் எதைத் தட்டினாலும் கண்ணாடி துடைப்பான் ஆடியது. செவிலிலிருந்து ஆர்கோஸ் வரை, பளிச்சென்ற வெயிலில், ஒவ்வொரு சந்தியிலும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே போனேன்.

ஆர்கோசை நான் எவ்வாறு விபரிப்பேன்! ஒரு செங்குத்தான பாறை. அதன் விளிம்பு வரை வந்து, கீழே எட்டிப்பார்த்து, அப்படியே திகைத்து நின்றுவிட்ட ஒரு வெள்ளை ஊர். தேவாலயத்தின் அருகேயுள்ள சுவரில் கை ஊன்றிக் குனிந்தேன். கீழே, வெகு கீழே, வயல்கள். நடுவில் பருந்துகள் வட்டமிட்டன. வாழ்நாளெல்லாம் பருந்தின் வயிற்றைப் பார்த்திருக்கிறேன். அதன் முதுகை அன்றுதான் பார்த்தேன்.

“மலர், இஞ்சை வந்து பாரும்!”

“பாக்கிறன். நீங்கள் கொஞ்சம் பின்னுக்கு நில்லுங்கோ.”

மறுநாள் காலை, திங்கட்கிழமை, கிரசலேமாவுக்குப் புறப்பட்டோம். காரில் ஏறிய பின்னரே எனக்கு உறைத்தது. திங்களில் கிழக்கே சூலம். கிரசலேமாவோ நேர் கிழக்கு. நான் இறங்கிவிட்டேன். ஆர்கோசின் சதுக்கத்தில், கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு முழுநாள் வீணாகப் போகிறதே! மத்தியானம் தேவாலய மணி ஒலித்து ஓய்ந்தது.

“இஞ்சேருங்கோ, உங்கடை மணிக்கூட்டிலை இப்ப என்ன கிழமை?” என்றாள் இராசமலர்.

பார்த்தேன். சாளரத்தில் செவ்வாய்! ஸ்பெயினில் நண்பகல் ஆகும்போது மனுரேவாவில் நள்ளிரவு கடந்து மறுநாள் பிறந்துவிடுகிறது. செவ்வாயில் சூலம் வடக்கே, கிழக்கு திறந்துவிட்டது!

“பாத்தீரே? நான் மணிக்கூட்டைத் திருப்பாமல் விட்ட அருமை!”

“உங்கடை மூளை ஆருக்கு வரும்?” என்றாள். என் வாழ்வில் அத்தகைய பாராட்டை அவளிடமிருந்து பெற்றதில்லை. கிரசலேமா வரையும் கண்ணாடியைத் துடைத்தபடி பாடிக்கொண்டே போனேன்.

கிரசலேமாவில் மழை. மலைகள் மேகத்தைத் தலையில் முக்காடிட்டு நின்றன. மழை விட்ட நேரங்களில் ஓடுகளெல்லாம் மினுங்க, ஊர் அப்போதுதான் கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களைப் போலிருந்தது. வியாழக்கிழமை மாலை, பனிமூட்டத்தினூடே றொண்டா வந்து சேர்ந்தோம். வெள்ளி காலை மாலகாவுக்குப் புறப்படுவதாக என் திட்டம். வெள்ளியில் சூலம் மேற்கே, மாலகாவோ கிழக்கே. வழி சுத்தம். பெட்டிகளைக் காரில் ஏற்றினேன்.

“நேற்றைக்குப் பனிக்குள்ளை அந்தப் பாலத்தைப் பாக்கேல்லை. ஒருக்காப் பாத்திட்டுப் போவமே?” என்றாள் இராசமலர்.

“ஐஞ்சு நிமிசந்தான்.”

“ஐஞ்சு நிமிசம் போதும்.”

வாசகர்களே, றொண்டாவின் பாலத்தை நான் சொல்லி நீங்கள் அறியப்போவதில்லை. ஊரைப் பூமித்தாய் இரண்டாகப் பிளந்து வைத்திருக்கிறாள். அந்தப் பிளவின் அடியிலிருந்து கல்லின்மேற் கல்லாக எழுந்து, இரு கரைகளையும் பற்றிப் பிடித்தபடி இருநூறு ஆண்டுகளாக நிற்கிறது அந்தப் பாலம். கீழே ஓடும் ஆற்றின் ஓசை மேலே வந்து சேருமுன் களைத்துவிடுகிறது. மேலே ஒரு மனிதர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு பாண் வாங்கிப் போகிறார், அது ஏதோ சாதாரண தெரு என்பதைப் போல!

அப்போதுதான் இராசமலர் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

“இதை எப்பிடியப்பா கட்டியிருப்பாங்கள்?”

பாலம் கட்டுவதைப் பற்றி எனக்கு ஒன்றுந் தெரியாது. அது அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியாத விடயங்களையே நான் நெடுநேரம் விளக்குவேன் என்பதும் அவளுக்குத் தெரியும். நான் அடித்தளத்திலிருந்து தொடங்கினேன். கல்லை எங்கே வெட்டினார்கள், எப்படி உருட்டினார்கள், வண்டிகளை எந்த வழியால் அனுப்பியிருப்பார்கள், நானாயிருந்தால் எந்த வழியால் அனுப்பியிருப்பேன் என்றெல்லாம் விரித்தேன். அவள் இடையிடையே, “அதெப்பிடி?” என்றாள். “மற்றக் கரையிலை?” என்றாள். ஒரு கட்டத்தில், “விளங்கேல்லை, முதலிலையிருந்து சொல்லுங்கோ” என்றாள். எந்தக் கணவன் இதற்கு மறுப்புச் சொல்வான்?

இரண்டாவது வளைவைக் கட்டி முடித்தபோது மணி ஒலித்தது.

“போவமோ?” என்றாள்.

கடிகாரத்தைப் பார்த்தேன். சாளரத்தில் சனி.

“ஐயோ! சனி பிறந்திட்டுது! கிழக்கை சூலம்! மாலகாவுக்குப் போகேலாது!”

“ஐயையோ” என்றாள் இராசமலர். பேருந்தைத் தவறவிட்ட ஒருவருக்கு அடுத்த பேருந்து வருவது தெரிந்திருந்தால் எவ்வாறு சொல்வாரோ, அவ்வாறு சொன்னாள். “அப்ப எந்தப் பக்கம் போகலாம்?”

“வடக்குப் பரவாயில்லை.”

“வடக்கை கிட்டடியிலை ஏதும் ஊர் இருக்குதோ, பாப்பம்.” தேசப்படத்தை எடுத்தாள். அது உரிய மடிப்பிலேயே மடிக்கப்பட்டிருந்தது. “செத்தெனில் எண்டு ஒண்டு கிடக்குது. சின்ன ஊர் போலை. எனக்கென்ன தெரியும்? நீங்கள்தான் சொல்லவேணும்.”

“செத்தெனில்!” என்று நான் கட்டளையிட்டேன்.

ஒலிவ் மரங்கள் வரிசை வரிசையாக நின்ற குன்றுகளைக் கடந்து பாதை ஒரு பள்ளத்தாக்கினுள் இறங்கிற்று. காரை நிறுத்திவிட்டு நடந்தோம். தெரு வளைந்தது. அங்கே நான் நின்றுவிட்டேன்.

அந்தத் தெருவில் வீடுகளுக்குக் கூரை இல்லை. கூரை இருக்கவேண்டிய இடத்தில் மலை இருந்தது. பெரும் பாறை ஒன்று தெருவின் மேலாகக் கவிந்து, நீண்டு, எதிர்ப்புறத்தை எட்டிப் பிடிக்க முனைந்துகொண்டிருந்தது. அதன்கீழே வெள்ளைச் சுவர்கள், நீலக் கதவுகள், பூச்சாடிகள். ஒரு பெண் பாறையில் அடித்த ஆணியில் துணி உலர்த்தினாள். தலைமேல் ஒரு மலையைத் தூக்கி வைத்துக்கொண்டு, அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், இவர்கள் பரம்பரை பரம்பரையாகக் கத்தரிக்காய் பொரிக்கிறார்கள்!

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. றொண்டாவுக்கு ஒரு மயிரிழை வடக்கே. பின்னல் ஊசியின் முனை எட்டிப்பார்த்தது இந்த இடத்தில்! என் உள்ளங்காலுக்கு நேர் கீழே, பூமிக்கு அப்பால், மனுரேவாவில் எங்கள் அடுப்படி. கைகூப்ப வேண்டும்போல் இருந்தது.

அந்தப் பரவசத்தில் மூச்சை இழுத்தேன். கறித்தூள் மணத்தது. வறுத்து இடித்த, கறுத்த, அசல் யாழ்ப்பாணத்துக் கறித்தூள்.

“மலர்! மணக்குதோ? ஸ்பானியரும் எங்களைப் போலைதான் தாளிக்கிறாங்கள்! அராபியர் எங்கடை துறைமுகங்களுக்கும் வந்தவையெல்லே, அவையாலை வந்த தொடர்பாயிருக்கும். இதை ஆரும் ஆராயேல்லை!”

இராசமலர் எனக்கு முன்னே வெகுதூரம் போய்விட்டாள். அவள் ஓடுவதை நான் திருமணமான நாளிலிருந்து கண்டதில்லை. பாறையின் நிழலில் ஒரு கதவு திறந்திருந்தது. சேலைக்கு மேலே கம்பளிச் சட்டை அணிந்த ஒரு பெண்மணி அங்கே நின்றார்.

“வந்திட்டியோ?”

“வந்திட்டன் அக்கா.”

பதினான்கு ஆண்டுகளுக்கு அவ்வளவுதான் பேச்சு. பின்பு இருவரும் கைகளைப் பற்றியபடி நின்றார்கள். மேலே நின்ற மலையைவிட அந்தக் காட்சி என்னை அசையாமல் நிறுத்தியது. சமையலறையில் வெட்டிய வெங்காயத்தைப் பற்றி முதன்முறையாக எனக்கு ஐயம் தோன்றியது.

“ஆரது, பத்மா?” என்று உள்ளிருந்து ஒரு குரல். காதைச் சுற்றி மவுளர் கட்டிய தலையொன்று வெளியே நீண்டது. என்னைக் கண்டது.

“ஐயோ!” என்றார் சோதிலிங்கம். “இஞ்சையுமோ!”

“நீர் என்னெண்டு இஞ்சை?” என்றேன் நான்.

“ஒரு சொந்தக்காரரும் வராத இடமெண்டு தேடித்தேடி நானல்லோ லீவுக்கு வீடெடுக்க இந்த ஊரைத் தெரிஞ்சனான்! பத்மா, என்ன இது? நான்தானே தெரிஞ்சனான்?”

“ஓமப்பா, நீங்கள்தான் தெரிஞ்சியள்” என்றார் பத்மாவதி மச்சாள்.

அந்தக் குரலை நான் அறிவேன். எங்கள் வீட்டிலும் அதே குரல் ஒன்று இருக்கிறது.

“மலர், வாரும். காருக்குப் போவம். இவற்றை வீட்டு வாசற்படியை மிதிக்கமாட்டன் எண்டு சொன்னனான்.”

“ஓம், வாசற்படி எண்டுதான் சொன்னீங்கள்” என்றாள் இராசமலர். “இதிலை படி எங்கையப்பா?”

குனிந்து பார்த்தேன். தெருவின் கல்லே நேராக வீட்டினுள் போயிற்று. படி இல்லை. கீழ்நிலையும் இல்லை. நான் உள்ளே நின்றுகொண்டிருந்தேன். எப்போது நுழைந்தேன் என்பது எனக்கே தெரியவில்லை.

தேநீர் வந்தது. அதனுடன் உண்மைகளும் ஒவ்வொன்றாக வந்தன.

“அந்தப் பூகோள உருண்டையை நான் கண்டுபிடிச்சதாலைதான்...” என்று நான் தொடங்கினேன்.

“அது மாகிரட்டின்ரை மகன்ரை பழைய உருண்டை. உங்கடை கண்ணிலை படட்டும் எண்டு நான்தான் அங்கை வைப்பிச்சனான். ஒக்லாந்துக்கு நேர் எதிரை இந்த இடந்தான் எண்டு அக்கா ரெலிபோனிலை முதலே சொல்லிப்போட்டா. மாகிரட் வீட்டு ரெலிபோனிலை.”

“சூலம்?”

“மணிக்கூட்டைத் திருப்பமாட்டன் எண்டு பிளேனுக்கை சொன்னீங்களே, அப்பதான் யோசிச்சனான். ஆர்கோசிலை ஒருக்காச் சரி பாத்தனான். றொண்டாவிலை நீங்கள் பாலத்தைக் கட்டி முடிக்கிற மட்டும் பொறுக்கவேண்டி இருந்தது.”

கோபம் வரவேண்டிய இடத்தில் பிரமிப்பே வந்தது. நாள்தோறும் லொறிகளை அனுப்புகிறேன். அவற்றுள் ஒன்றாவது தன் விருப்பப்படியே போவதாக எண்ணிக்கொண்டு போனதுண்டா? பூமிப்பந்தின் மறுபுறத்துக்கு, உரிய தெருவுக்கு, உரிய கதவுக்கு, ஒரு கீறலும் இல்லாமல் என்னைச் சேர்ப்பித்துவிட்டாளே!

பெண்கள் அடுப்படிக்குள் போனார்கள். நானும் சகலனும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். நடுவில் ஒரு கோப்பை ஒலிவ் காய். ஆளுக்கு ஐந்தாறு தின்றோம். பின்பு நான் பொறுக்கமாட்டாமல் ஒரு கொட்டையை மேசையில் வைத்தேன்.

“இது கோயில்.” இன்னொன்றை வைத்தேன். “இது சந்தி. நான் எந்தப் பக்கம் சொன்னனான்?”

சோதிலிங்கம் அடுப்படியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

“இடப்பக்கம்.”

“இடப்பக்கந்தான் சரி?”

“இடப்பக்கந்தான் சரி.”

“பிறகேன் வலப்பக்கம் திருப்பினீர்?”

“எனக்கு வேறை உத்தரவு” என்றார். “பொம்பிளைக்குத் தலை அலங்காரம் முடியேல்லை, பூமாலை வந்து சேரேல்லை, வலப்பக்கத்தாலை கொஞ்சம் சுத்திக்கொண்டு வாங்கோ எண்டு பத்மா சொல்லிவிட்டவ. அந்த ஒழுங்கை தோட்டத்துக்கை போய் முடியும் எண்டது அவவுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. தான் சொன்னதெண்டு ஒருத்தருக்கும் சொல்லப்படாது எண்டும் சொன்னவ. அதுதான் சபையிலை உம்மடை தலையிலை போட்டனான். வேறை என்னத்தைச் சொல்ல?”

பதினான்கு ஆண்டுகள்! இந்த மனிதர் ஒரு சொல்லைப் பதினான்கு ஆண்டுகளாக வாய்க்குள் அடைகாத்து வைத்திருந்திருக்கிறார். நான் எதிரி என்று எண்ணியிருந்தவர் என்னிலும் மூத்த கைதி. எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அப்ப அண்டைக்குச் சூலம் ஒண்டும் இல்லையோ?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது, தம்பி” என்றார் சோதிலிங்கம். அடுப்படியிலிருந்து இரு சகோதரிகளின் சிரிப்பு வந்தது. பாறை அதை வாங்கி நிதானமாகத் தெருவெங்கும் பரப்பிற்று.

மறுநாள் காலை நால்வரும் மாலகாவுக்குப் புறப்பட்டோம். எங்கள் பெட்டிகள் முன்னரே காரில் ஏறியிருந்தன. ஸ்டியரிங்கைப் பத்மாவதி மச்சாள் பிடித்தார். இலண்டனில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுபவராம். முதற் சந்தியில் சைகை விளக்கே எரிந்தது, துடைப்பான் அசையவில்லை. அவரருகே, படத்தை மடியில் விரித்து, இராசமலர். பின்சீற்றில் நானும் சகலனும், மடியில் ஆளுக்கொரு சோற்றுப் பொதியோடு. மாப்பிள்ளையாகப் போன நாளிலும் நான் பின்சீற்றில்தான் இருந்தேன் என்பது அப்போது என் நினைவுக்கு வந்தது.

கார் சூரியனை நோக்கித் திரும்பிற்று. கிழக்கு! கடிகாரத்தைப் பார்க்கக் கையைத் தூக்கினேன். மணிக்கட்டு வெறுமையாயிருந்தது. என் கடிகாரம் இராசமலரின் கையில் மினுங்கியது.

“மலர்,” என்றேன் மெதுவாக, “இண்டைக்கு எந்தப் பக்கம் சூலம்?”

அவள் திரும்பிப் பாராமலே சொன்னாள்.

“பின்சீற்றிலை.”